பல வருடம் சிறையில் இருந்துவிட்டு வருகிறவரோடு வாழ: வீட்டாருக்கு ஒரு வழிகாட்டி

மூடிய கதவின் முன்னால் அவர் அப்படியே நிற்பார். தாழ்ப்பாள் போட்டிருக்காது. கைப்பிடி எட்டும் தூரத்தில்தான் இருக்கும். ஆனாலும் யாராவது வந்து திறக்கட்டும் என்று காத்திருப்பார், ஏனென்றால் பத்துப் பதினைந்து வருடமாக எந்தக் கதவையும் தன் கையால் திறந்ததில்லை. குளிக்கப் போகட்டுமா என்று உத்தரவு கேட்பார். தட்டில் வைத்ததைத் தலை நிமிராமல் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார். பின்னாலிருந்து யாராவது தோளைத் தொட்டால் துள்ளித் திரும்புவார்.

முதல் வாரத்தில் வீட்டார் பார்க்கிறவை இவை. இதைப் பார்த்துப் பதறிப்போய், எல்லாவற்றையும் தாங்களே செய்து கொடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள், ஆனால் இங்கேதான் முதல் தவறு நடக்கிறது. சிறை அவரிடமிருந்து பறித்தவற்றில் வீட்டாரால் திருப்பிக் கொடுக்கக் கூடியது ஒன்று உண்டு: தன் காரியத்தைத் தானே முடிவு செய்கிற பழக்கம். ஒரே நாளில் அதை அள்ளிக் கொட்டினால் அவருக்கு மூச்சு முட்டும். எல்லாவற்றையும் நாமே பார்த்துக்கொண்டால், காவலர் மாறினாரே தவிர வேறெதுவும் மாறவில்லை என்றாகிவிடும். அதனால் அளந்து அளந்து கொடுக்க வேண்டும். எப்படி என்பதைத்தான் கீழே சொல்கிறோம்.

உள்ளே என்ன நடந்தது

சிறைக்குள் நுழைகிறவர் அந்த இடத்தின் நடைமுறைகளையும் பேச்சையும் எச்சரிக்கையையும் கொஞ்சம் கொஞ்சமாக உள்வாங்கிக்கொள்வதை டொனால்ட் கிளெம்மர் என்ற சமூகவியலாளர் 1940-இல் விவரித்தார். 1958-இல் கிரெஷம் சைக்ஸ், கைதி இழப்பவற்றை ஐந்தாகப் பிரித்தார்: சுதந்திரம், பொருள் வசதி, துணையின் நெருக்கம், சுயமாக முடிவெடுப்பது, பாதுகாப்பு. முதல் மூன்றும் வாசலைத் தாண்டியதும் ஓரளவு திரும்பக் கிடைக்கின்றன. கடைசி இரண்டும் அப்படித் திரும்புவதில்லை.

எப்போது எழ வேண்டும், எப்போது விளக்கை அணைக்க வேண்டும் என்பதை எல்லாம் வேறொருவர் தீர்மானித்துக்கொண்டே இருந்தால், முடிவெடுக்கும் பழக்கம் பயன்படுத்தாத கால் தசை மாதிரி மெலிந்துவிடும். எந்த நேரமும் அடி விழலாம் என்ற இடத்தில் இருந்தவர், அறைக்குள் வந்ததும் யார் எங்கே நிற்கிறார்கள், வெளியேறும் வழி எது என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். அழுவதும் பயத்தைக் காட்டுவதும் உள்ளே ஆபத்து. அதனால் முகம் கல்லாகிவிடும். இவை எல்லாம் அந்த இடத்தில் அவரைக் காப்பாற்றிய திறமைகள். வெளியே வந்த பிறகும் உடம்பு அவற்றை விடாமல் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். இதைப் புரிந்துகொண்ட வீட்டில் பாதிச் சண்டைகள் வருவதில்லை.

பாஸ்டன் பகுதியில் ஆயுள் தண்டனைக்குப் பிறகு வெளியே வந்த 25 பேரைப் பற்றி மரீக்கே லீமும் மார்டன் குன்ஸ்டும் 2013-இல் எழுதியதில், இதே விஷயங்கள் ஒரு கொத்தாக வருவதைக் காட்டினார்கள்: ஆட்களை நம்ப முடியாமை, முடிவெடுக்கத் தடுமாற்றம், இடமும் திசையும் குழம்புவது, எங்கேயும் ஒட்டாத உணர்வு. இதற்கென்று மருத்துவ ஏட்டில் தனிப்பெயர் கொண்ட நோய் கிடையாது. எனவே மருத்துவர் எழுதித் தரும் தாளில் மனச்சோர்வு, அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்று துண்டு துண்டாகத்தான் வரும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

வருவதற்கு ஒரு மாதம் முன்பு

முதலில் அவரிடமே கேளுங்கள். கடிதத்திலோ சந்திப்பிலோ நான்கு கேள்விகள் போதும். வாசலுக்கு யார் வர வேண்டும்? யார் வரக் கூடாது? அங்கிருந்து நேராக எங்கே போக வேண்டும்? தனியாகத் தூங்க விரும்புகிறாரா? அவர் சொன்ன பதிலை மாற்றாதீர்கள். 'பத்து வருடம் கழித்து வருகிறாரே' என்று சொந்தபந்தத்தை எல்லாம் வாசலில் நிறுத்துவது, அவர் எடுத்த முதல் முடிவையே தட்டிக் கழிப்பதாகும்.

அடுத்தது தாள்கள். விடுதலைச் சான்று, அடையாள ஆவணம், சிறை மருத்துவப் பதிவேட்டின் நகல், இப்போது சாப்பிடும் மருந்துகளின் சீட்டு ஆகிய நான்கும் கையில் வராமல் கிளம்பாதீர்கள். பிறகு கேட்டு வாங்குவது மாதக்கணக்கில் இழுக்கும். எத்தனை நாள் மருந்து கொடுத்து அனுப்புவார்கள் என்று முன்பே விசாரித்து, அது தீர்வதற்குள் மருத்துவரைப் பார்க்கும் நாளைக் குறித்துவிடுங்கள். மனநோய் மருந்து, வலிப்பு மருந்து, காசநோய் மருந்து மூன்றும் ஒரு நாள்கூட விட்டுப்போகக் கூடாதவை. நிபந்தனையோடு விடுதலை என்றால், கையெழுத்துப் போட வேண்டிய நாட்களை ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதி அவர் கண்ணில் படும்படி ஒட்டுங்கள். மறதியால் ஒரு நாள் தவறினாலும் திரும்ப உள்ளே போக வேண்டி வரலாம், தேதிகளை நினைவில் வைக்கும் பழக்கமோ அவருக்கு இப்போது இல்லை.

அறை விஷயத்தில் ஒரு மனிதரின் அனுபவம் நல்ல வழிகாட்டி. 27 வருடம் சிறையில் இருந்த நெல்சன் மண்டேலா, பிறகு குனு கிராமத்தில் தனக்குக் கட்டிக்கொண்ட வீட்டுக்கு, கடைசிக் காலத்தில் தன்னை வைத்திருந்த விக்டர் வெர்ஸ்டர் சிறை வளாக வீட்டின் அமைப்பையே எடுத்துக்கொண்டார். அந்த அளவுகள் பழகியவை, இரவில் சமையலறையைத் தேடி அலைய வேண்டியதில்லை என்று காரணமும் சொன்னார். பழகிய அளவு நிம்மதி தரும். எனவே பெரிய அறையை ஒதுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சின்ன அறை பல பேருக்கு நல்லது. படுக்கையிலிருந்து கதவு தெரிய வேண்டும், தலைமாட்டில் சுவர் இருக்க வேண்டும். கதவுக்கு உள்தாழ்ப்பாள் போடுங்கள். இரவெல்லாம் எரியும் விளக்கிலும் ஓயாத சத்தத்திலும் தூங்கிப் பழகியவருக்கு இருட்டும் அமைதியும்தான் தூக்கத்தைக் கெடுக்கும். கை எட்டும் இடத்தில் ஸ்விட்சோடு ஒரு சிறு விளக்கும், மெல்ல ஓடும் மின்விசிறியோ வானொலியோ போதும். பூட்டிச் சாவியைத் தானே வைத்துக்கொள்ளக் கூடிய ஒரு பெட்டி கட்டாயம் வேண்டும். அவருடைய சாமான்கள் இத்தனை வருடமும் சோதனைக்கு உட்பட்டே இருந்தன.

போர்வை, திரை, தலையணை எதையும் நீங்கள் வாங்கி அழகுபடுத்தி வைக்காதீர்கள். பழையதே இருக்கட்டும். இரண்டாம் வாரத்தில் அவரே போய்த் தேர்ந்தெடுப்பார்.

முதல் மூன்று நாள்

வீட்டுக்குள் நுழைந்ததும் வீட்டுச் சாவி ஒன்றை அவர் கையில் கொடுங்கள். மறுநாள் கொடுக்கலாம் என்று தள்ளாதீர்கள்.

வரும் வழியில் வண்டியில் தலை சுற்றலும் வாந்தியும் வரலாம். வேகமாக நகரும் காட்சியைக் கண் மறந்திருக்கும். முன் இருக்கையில் உட்கார வைத்து, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து, மணிக்கு ஒரு முறை நிறுத்துங்கள். பல வருடம் சில அடிக்கு அப்பால் சுவரை மட்டுமே பார்த்த கண்ணுக்குத் தூரத்தைக் கணிப்பது சிரமம். சாலையில் வரும் வாகனம் எவ்வளவு வேகமாக வருகிறது என்பதில் தவறிவிடுவார். ஆகவே முதல் இரண்டு வாரம் சாலையைச் சேர்ந்து கடப்பது நல்லது. வெயிலுக்குக் கண் கூசும், தொப்பி ஒன்று இருக்கட்டும்.

விருந்து வேண்டாம். ஒரே மாதிரிச் சாப்பாட்டுக்குப் பழகிய வயிறு கொழுப்பையும் இனிப்பையும் தாங்காது, வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். வழக்கமான அளவில் பாதி, ஒரு நாளைக்கு ஐந்து முறை, ஒரு வாரத்துக்கு. எலும்பு தெரிய மெலிந்து வருகிறவர், உண்ணாவிரதம் இருந்தவர் என்றால் இதுகூட வீட்டில் செய்யக் கூடாது. பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று உணவு சேரும்போது இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் போன்றவை சரிந்து இதயம் நின்றுபோகும் ஆபத்து இருக்கிறது. நேராக மருத்துவமனைக்குப் போய், அவர்கள் சொல்லும் அளவில் தொடங்குங்கள்.

பார்க்க வருகிறவர்கள் ஒரு நேரத்தில் இரண்டு பேர், ஒரு மணி நேரம். தூங்குகிறவரைத் தொட்டு எழுப்பாதீர்கள். அறை வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். சிறையில் தலை எண்ணும் நேரத்தில் தானாக விழித்து எழுந்து நிற்பது சில மாதம் தொடரும். குளியலறையில் அரை மணி நேரம் ஆனாலும் கதவைத் தட்டாதீர்கள். யாரும் பார்க்காமல் குளித்து எத்தனையோ வருடம் ஆகியிருக்கும்.

முதல் நான்கு வாரம்: உயிர் விஷயம்

இதை மட்டும் எல்லோரும் படிக்க வேண்டும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையான 30,237 பேரைப் பின்தொடர்ந்து 2007-இல் வெளிவந்த ஆய்வில், முதல் இரண்டு வாரத்தில் அவர்கள் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட 12.7 மடங்கு. அளவுக்கு மீறிய போதைப்பொருளால் இறக்கும் அபாயம் மட்டும் தனியாக 129 மடங்கு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விடுதலையானவர்களைப் பற்றி 2006-இல் வந்த ஆய்வு, ஒரு வருடத்துக்குள் தற்கொலை செய்துகொண்டவர்களில் ஐந்தில் ஒருவர் முதல் 28 நாளுக்குள்ளேயே இறந்ததைக் கண்டது. அதே வயதுள்ள பொதுமக்களோடு ஒப்பிட்டால் ஆண்களிடம் எட்டு மடங்கும் பெண்களிடம் 36 மடங்கும் அதிகம்.

போதைப்பொருளால் சாவதற்குக் காரணம் எளிது. உள்ளே இருந்த காலத்தில் உடம்பின் தாங்கும் சக்தி போய்விடுகிறது. முன்பு வழக்கமாக எடுத்த அளவே இப்போது கொல்லும். ஹெராயின், மார்ஃபின் வகைப் பழக்கம் எப்போதாவது இருந்திருந்தால் இதை முகத்துக்கு நேராக, குற்றம்சாட்டாமல் சொல்லிவிடுங்கள்: 'பழைய அளவு இப்போ உயிரை எடுத்துடும். ஒருவேளை எடுத்தீங்கன்னா தனியா இருக்கும்போது மட்டும் வேண்டாம்.' இப்படிச் சொன்னால் அனுமதி கொடுத்ததாக ஆகிவிடுமோ என்று வீட்டார் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். அந்தத் தயக்கத்தில்தான் உயிர் போகிறது. கிடைக்குமிடத்தில், இந்த வகைப் போதையை முறிக்கும் நலோக்ஸோன் மருந்தை வீட்டில் வைத்து, அதைச் செலுத்தும் முறையைக் குறைந்தது இரண்டு பேர் கற்றுக்கொள்ளுங்கள். கண்மணி ஊசிமுனை போல் சுருங்கி, மூச்சு விட்டு விட்டு வந்து, உதடு நீலம் பாய்ந்து, உலுக்கியும் எழாவிட்டால்: ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், நலோக்ஸோனைச் செலுத்துங்கள், மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மூச்சு நின்றிருந்தால் செயற்கை மூச்சு கொடுங்கள். நலோக்ஸோனின் வேலை போதைப்பொருளின் வேலைக்கு முன்பே தீர்ந்துவிடக்கூடும். எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்பதை நேராகக் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. 'செத்துடலாம்னு தோணுதா?' என்று அதே சொற்களில் கேளுங்கள். ஆமென்றால், எப்படி என்று யோசித்திருக்கிறாரா என்பதையும் கேளுங்கள். வழி யோசித்தவரை அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும், அதுவரை தனியே விடக் கூடாது. பூச்சிமருந்து, மொத்தமாக வாங்கிய மாத்திரைகள் போன்றவை முதல் நாளிலிருந்தே வீட்டில் கைக்குக் கிடைக்காமல் இருக்கட்டும். நான்கு வாரமும் இரவில் வீட்டில் யாராவது இருங்கள். ஆனால் எதற்காக இருக்கிறீர்கள் என்பதை அவரிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் கதவிடுக்கில் எட்டிப் பார்ப்பது கண்காணிப்பு; அதை அவர் உங்களைவிட வேகமாகக் கண்டுபிடித்துவிடுவார்.

உடம்பு

முதல் வாரத்திலேயே முழுப் பரிசோதனை. சிறைகளில் காசநோய் வெளியே இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். மண்டேலாவுக்கே 1988-இல், உள்ளே இருந்தபோது வந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைவு இவற்றில் ஒன்று இருந்தாலும் மார்பு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் கேளுங்கள். சாதாரணக் காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். உள்ளே தொடங்கி வெளியே விட்டுவிட்டால் மருந்துக்கு அடங்காத வகையாக மாறக்கூடும். ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி மூன்றுக்கும் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஹெபடைடிஸ் சி இருந்தால் பயம் வேண்டாம், இப்போதைய மாத்திரைகள் பெரும்பாலும் எட்டிலிருந்து பன்னிரண்டு வாரத்தில் குணமாக்கிவிடுகின்றன. வெயில் படாதவர்களுக்கு விட்டமின் டி குறைந்திருக்கும். இரத்த அழுத்தம், சர்க்கரை, பல், கண், காது எல்லாம் பார்க்க வேண்டியவை. சிறையில் ஐம்பதைக் கடந்தவரையே முதியவராகக் கணக்கெடுப்பது பல நாடுகளில் வழக்கம், ஏனென்றால் அங்கே உடம்பு வயதைவிட முன்னே ஓடிவிடுகிறது.

ஆடையைக் களைந்து நிற்கச் சொல்வது அவருக்குச் சிறைச் சோதனையை ஞாபகப்படுத்தும். தொடும் முன் சொல்லிவிட்டுத் தொடும்படி மருத்துவரிடம் முன்பே பேசிவிடுங்கள். கோப்பு அவர் கையில் இருக்கட்டும், கேள்விகளுக்கு அவரே பதில் சொல்லட்டும். நீங்கள் உடன் உள்ளே போவதா வேண்டாமா என்பதும் அவர் முடிவு.

முடிவெடுக்கப் பழகுவது

'உங்களுக்கு என்ன வேணும்?' என்ற கேள்வி முதல் வாரத்துக்கு உகந்ததல்ல. பதில் வராது. 'எதுவா இருந்தாலும் சரி' என்பார், நாமும் சரி என்று ஏதோ செய்துவிடுவோம். அதற்குப் பதிலாக இரண்டில் ஒன்றைக் கேளுங்கள்: இப்போதா, அரை மணி கழித்தா? இந்தச் சட்டையா, அந்தச் சட்டையா? கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். முப்பது வினாடி ஆகும், அது நெடுநேரமாகத் தோன்றும். நடுவில் புகுந்து நீங்களே எடுத்துக் கொடுத்தால் பயிற்சி போச்சு. இரண்டாம் வாரம் மூன்று நான்கில் ஒன்று. நான்காம் வாரத்தில் திறந்த கேள்வி. தடுமாறினால் ஒரு படி கீழே இறங்கி, சில நாள் கழித்து மீண்டும் ஏறுங்கள்.

கடைக்குப் போவதைத் தனிப் பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் இல்லாத நேரம், இருபது நிமிடம், மூன்றே பொருள், பணத்தை அவரே கொடுக்க வேண்டும். ஐம்பது வகைச் சோப்புக்கு முன்னால் நின்று வியர்த்துப்போய் வெளியே போகலாம் என்பார். உடனே போய்விடுங்கள். 'சோப்புக்கா இவ்வளவு யோசனை?' என்ற ஒரு வார்த்தை அவரை இரண்டு மாதம் வீட்டிலேயே முடக்கிவிடும். இரண்டு நாள் கழித்து அதே கடைக்குப் போங்கள். இடத்தை மாற்றினால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். பணம் கட்ட நிற்கும்போது யாராவது வரிசையை முந்தினால் அவர் உடம்பு விறைப்பதைக் கவனியுங்கள். உள்ளே வரிசையை முந்துவது அடிதடிக்கான அவமதிப்பு. இங்கே அது வெறும் அவசரம் என்பதைப் பிறகு, தனியாக, சாதாரணமாகச் சொல்லலாம்.

நாளின் வடிவத்தை அவரே ஒரு தாளில் எழுதட்டும். எழுவது, சாப்பிடுவது, நடப்பது, படுப்பது என்று நான்கு நிலையான நேரங்கள் போதும். இடையில் இரண்டு மணி நேரம் வெறுமையாக விடச் சொல்லுங்கள், வாரா வாரம் அந்த வெற்று நேரத்தை நீட்டுங்கள். வேளாவேளைக்கு மணியடித்து நடந்த வாழ்க்கையை ஒரேயடியாகக் கலைத்தால் மனிதர் படுக்கையை விட்டு எழமாட்டார். அதையே அப்படியே தொடர்ந்தாலும் வெளியே வந்ததாக ஆகாது.

உத்தரவு கேட்கும்போது 'போங்க' என்று சொல்லாதீர்கள், அது உத்தரவு கொடுப்பதுதான். 'உங்க இஷ்டம்' என்று சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். பிள்ளைகளோ விருந்தாளிகளோ இதைக் கேலியாக்காமல் முன்பே சொல்லி வையுங்கள்.

கைச்செலவுக்கு ஒரு தொகையை முதல் நாளே கொடுத்து, கணக்குக் கேட்காமல் விடுங்கள். ஏமாந்தாலும் அந்தத் தொகைதான் போகும். கைபேசியில் முதல் இரண்டு நாள் அழைப்பை எடுக்கவும் அழைக்கவும் மட்டும். அடுத்து செய்தி, பிறகு வழிகாட்டும் வரைபடம். ஒரு நாளைக்கு இரண்டு விஷயத்துக்கு மேல் வேண்டாம். கடவுச்சொல்லை அவரே போடட்டும், நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டாம். கைபேசிக்கு வரும் ரகசிய எண்ணைச் சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் சொல்லக் கூடாது என்பதை மட்டும் ஒரு சீட்டில் எழுதிக் கைபேசியின் பின்னால் ஒட்டுங்கள். உள்ளே அதிகாரக் குரலுக்குக் கீழ்ப்படிந்தே பழகியவர் என்பதால், 'நான் அதிகாரி பேசுகிறேன்' என்ற மோசடிக்கு இவர்தான் சுலபமாகச் சிக்குவார்.

மனசும் உறவும்

அவருக்குள் காலம் நின்றுபோயிருக்கும். இருபத்தைந்தில் உள்ளே போனவர் நாற்பத்தைந்தில் வந்தாலும், ஆசைகளும் தயக்கங்களும் இருபத்தைந்துக்காரருடையவை. மகள் என்றால் ஆறு வயதுக் குழந்தைதான் அவர் நினைவில். தவறாகத் தண்டிக்கப்பட்டு விடுதலையான 18 ஆண்களைப் பரிசோதித்து ஏட்ரியன் கிரவுண்ட்ஸ் என்ற மனநல மருத்துவர் 2004-இல் எழுதியபோது, அவர்களில் பெரும்பாலோரின் குணமே நிலையாக மாறிப்போயிருந்ததையும், குடும்பங்கள் 'இவர் அந்த ஆள் இல்லை' என்று சொன்னதையும் பதிவு செய்தார். குற்றமற்றவர் என்ற தீர்ப்பு அதைச் சரிசெய்யவில்லை.

புகைப்படங்களை வருட வரிசையில் அடுக்கி வையுங்கள். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், ஒரு வருடத்துப் படங்கள், அவர் கேட்டால் மட்டும். இடையில் இறந்துபோனவர்கள் வரும்போது கவனம் தேவை. அவர்களுக்காக அவர் அழவே இல்லை, அழ இடமும் இருக்கவில்லை. பத்து வருடம் முந்தைய சாவுக்கு இன்று துக்கம் காப்பார். 'அதெல்லாம் முடிஞ்சு போன கதை' என்று சொல்லிவிடாதீர்கள், உங்களுக்குத்தான் முடிந்தது.

பிள்ளைகளைக் கட்டிப்பிடிக்கச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதைவிட, பக்கத்தில் பக்கத்தில் இருந்து ஏதாவது ஒரு வேலையைச் சேர்ந்து செய்வது எளிது: சைக்கிளைத் துடைப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, பதினைந்து நிமிடம். கண்டிக்கும் பொறுப்பு குறைந்தது ஆறு மாதம் இதுவரை வளர்த்தவரிடமே இருக்கட்டும். வந்த வேகத்தில் அதட்டி, பிள்ளை எதிர்த்துப் பேசி, அன்றோடு உறவு முறிந்த வீடுகள் அதிகம்.

வாழ்க்கைத்துணைக்கும் ஒரு வார்த்தை. தனியாகப் படுக்கிறார், தொட்டால் விலகுகிறார் என்றால் அது உங்களை வெறுத்து அல்ல. தொடும் முன் கேளுங்கள், அவசரப்படாதீர்கள். இத்தனை வருடம் வீட்டை நீங்கள் தனியாக நடத்தியிருக்கிறீர்கள். வந்த உடனே சாவிக்கொத்தை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கவும் வேண்டாம், அவருக்கு இடமே இல்லாமல் பிடித்துக்கொள்ளவும் வேண்டாம். மாதத்துக்கு ஒரு பொறுப்பாக மாற்றிக் கொடுங்கள்.

கோபத்துக்கு முன்கூட்டியே ஓர் ஒப்பந்தம் வேண்டும். ஒரு சொல்லைத் தீர்மானியுங்கள். யார் அதைச் சொன்னாலும் பேச்சு நிற்கும். அவர் இருபது நிமிடம் வெளியே போய் வருவார், யாரும் பின்னால் போகக் கூடாது, வழியை மறித்து நிற்கவே கூடாது. மறித்து நின்றால் கைகலப்பு என்பதுதான் அவர் உடம்பு அறிந்த பாடம். ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம்: கை ஓங்கினால், அது சிறையின் பாதிப்பு என்பதற்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பிள்ளைகளோடு வெளியேறி உதவி கேளுங்கள். காரணம் புரிந்தாலும் அடி அடிதான்.

தனிக் கொட்டடியில் இருந்தவர் என்றால்

நெல்சன் மண்டேலா விதிகள் என்று ஐ.நா. பொதுச் சபை 2015-இல் ஏற்றவை, ஒரு நாளில் 22 மணி நேரமோ அதற்கு மேலோ அர்த்தமுள்ள மனிதத் தொடர்பு இன்றி அடைத்து வைப்பதைத் தனிமைச் சிறை என்கின்றன; தொடர்ந்து 15 நாளைத் தாண்டுவதைத் தடை செய்கின்றன. பல மாதம், பல வருடம் அப்படி இருந்தவருக்கு மேலே சொன்ன எல்லாக் காலக்கணக்கையும் இரட்டிப்பாக்குங்கள். ஜப்பானில் 1966-இல் கைதாகி 2014-இல் வெளியே வந்த ஹகமதா இவாவ், பெரும்பகுதியை மரண தண்டனைக் கைதியாகத் தனிமையில் கழித்தவர். அக்கா வீட்டுக்கு வந்த பிறகும் அறைக்குள்ளேயே மணிக்கணக்கில் நடந்துகொண்டே இருந்தார். 2024-இல் நிரபராதி என்று நீதிமன்றம் அறிவித்தபோதும் அவர் மனம் முழுமையாகத் திரும்பியிருக்கவில்லை.

நடப்பவரை நிறுத்தாதீர்கள். பாதையில் இருக்கும் மேசை நாற்காலியை ஒதுக்குங்கள். சில வாரம் கழித்து அந்தப் பாதையை வராந்தாவரை, பிறகு தெருமுனைவரை நீட்டலாம். பேச ஒரு நேரத்தில் ஒரே ஆள். சத்தம், மணம், வெளிச்சம் எல்லாம் அளவுக்கு மீறித் தாக்கும், மிக்ஸியைப் போடும் முன் சொல்லிவிட்டுப் போடுங்கள். குரல் கேட்பது, யாரோ தொடர்ந்து வருவதாக உறுதியாக நம்புவது இருந்தால் காத்திருக்காமல் மனநல மருத்துவரிடம் போக வேண்டும்.

மூன்றாம் மாதம்

வந்த மகிழ்ச்சி அடங்கி, வேலை கேட்ட இடங்களில் கைவிரித்து, வீட்டாரும் களைத்துப்போகும் நேரம் இது. 'உள்ளேயே நல்லா இருந்தேன்' என்பார். நன்றிகெட்ட பேச்சு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே விதிகள் அவருக்குத் தெரியும், இங்கே தெரியவில்லை. குடி தொடங்குவதும் பெரும்பாலும் இந்தச் சமயத்தில்தான். இதே பாதையில் ஐந்தாறு வருடம் முன்பே வெளியே வந்து நிலைத்த ஒருவரை அறிமுகப்படுத்த முடிந்தால் அதைவிட நல்ல மருந்து எங்களுக்குத் தெரியாது. வேலைக்குப் போகுமிடத்தில் சொல்ல இரண்டே வாக்கியத்தைச் சேர்ந்து எழுதிப் பழகுங்கள்: என்ன நடந்தது, இப்போது என்ன செய்ய முடியும். மூன்றாவது வாக்கியத்தில்தான் குரல் நடுங்கும்.

கெட்ட கனவு, திடுக்கிடல், அந்த நினைவு மீண்டும் மீண்டும் வருவது ஒரு மாதத்தைத் தாண்டினால் சிகிச்சைக்குரியது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், நீண்ட காலம் தப்ப வழியில்லாமல் அனுபவித்த கொடுமைக்குப் பிறகு வரும் சிக்கலான அதிர்ச்சிக் கோளாறுக்குத் தனி இடம் உண்டு. உணர்ச்சி கட்டுக்கடங்காமல் போவதும், தன்னைப் பயனற்றவராக நினைப்பதும், நெருங்கிய உறவைத் தாங்க முடியாததும் அதன் கூடுதல் அடையாளங்கள். வெறும் தூக்க மாத்திரையோடு அனுப்பினால், அதிர்ச்சியை மையமாகக் கொண்ட உளச்சிகிச்சை எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள். போகும்போது அரைப் பக்கத்தில் அவரே எழுதிக் கொண்டுபோகட்டும்: மொத்தம் எத்தனை வருடம், அதில் தனிமையில் எவ்வளவு, தலையில் அடிபட்டதா, எந்த மருந்து எவ்வளவு நாள். தலைக்காயத்தைச் சொல்ல மறப்பவர்கள் நிறைய, கோபத்துக்கும் மறதிக்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

முன்னேற்றத்தைப் பார்க்க மாதம் ஒருமுறை ஒரு தாளில் நான்கு விஷயம் குறிப்பது போதும்: தனியாக வெளியே போன நாட்கள், தொடர்ந்து தூங்கிய மணி நேரம், உத்தரவு கேட்ட தடவைகள், தானே தொடங்கிய பேச்சு. எண்ணிக்கை ஏறி இறங்கித்தான் போகும், ஒரு மாதச் சரிவைப் பெரிதாக எடுக்க வேண்டாம். இரண்டு மாதம் தொடர்ந்து சரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அந்தத் தாளை நீங்கள் ரகசியமாக எழுதி வைக்காதீர்கள். அவர் பெட்டியிலேயே, அவர் கையெழுத்திலேயே இருக்கட்டும். உங்களுக்குக் காட்டுவதா வேண்டாமா என்பதையும் அவரே தீர்மானிக்கட்டும்.